பஸ் பைத்தியங்கள்

பழைய பஸ் ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது உங்கள் வீட்டு வாசலில் நன்கொடைக்கு வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்? “பஸ்ஸைப் பிடிப்பதே பெரும்பாடு; அதைக் காப்பாற்றுவது வேறா!” என்று கதவைச் சாத்திக் கொள்வீர்கள். நியாயந்தான். ஆனால் அந்தக் காரியத்துக்காகவே ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்தவர்கள் இங்கிலாந்தில் பல பேர் இருக்கிறார்கள். அப்படி ஒரு கோஷ்டியை லண்டனுக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் நான் சந்தித்தேன். ஆறு ஆண்கள், இரண்டு பெண்கள், தேநீர் போட ஒரு கெட்டில், ஒரு பஸ்.

பஸ்ஸின் திருநாமம் ரூட்மாஸ்டர். லண்டன் படம் போட்ட காலண்டர்களிலும் பிஸ்கட் டப்பாக்களிலும் சிவப்பாக, மாடி வைத்து, பின்பக்கம் கதவே இல்லாமல் நிற்குமே, அதுதான். 1954 முதல் 1968 வரை 2,876 வண்டிகள் செய்தார்கள். 1956 பிப்ரவரியில் முதல் வண்டி பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. 2005 டிசம்பர் 9-ந் தேதி, 159-ம் நம்பர் பாதையில் அன்றாட ஓட்டம் முடிந்தது. வழியனுப்பத் தெருவெல்லாம் கூட்டம்! ஆயுசு முடிந்த பஸ்ஸுக்கு அப்படி ஒரு மரியாதை. ஆயிரத்துக்கு மேற்பட்ட ரூட்மாஸ்டர்கள் இரும்புக் கடைக்குப் போகாமல் தப்பிவிட்டன. சில கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகின்றன. சிலவற்றில் மேஜை போட்டு டீயும் கேக்கும் கொடுக்கிறார்கள். மிச்சம் பல, இந்த மாதிரிக் கொட்டகைகளில் இருக்கின்றன.

இந்தப் பஸ்ஸின் பூர்வோத்தரத்தில் பெண்களுக்கு ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. இரண்டாவது உலக யுத்தத்தின்போது லண்டன் போக்குவரத்து நிர்வாகமும் சில மோட்டார்க் கம்பெனிகளும் சேர்ந்து ஹாலிபாக்ஸ் என்ற குண்டுவீச்சு விமானங்களைச் செய்தன, மொத்தம் 710. வேலை செய்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பெரும்பாலோருக்கு இயந்திர வேலையில் முன் பழக்கமே கிடையாது. அலுமினியத் தகடுகளை அச்சுப் பிசகாமல் செய்து கோத்தால், இலேசாகவும் இருக்கும், உறுதியாகவும் இருக்கும் என்பது அந்த விமானங்களில் கற்ற பாடம். யுத்தம் ஓய்ந்ததும் அதே பாடத்தைப் பஸ்ஸுக்குக் கொண்டு வந்தார்கள். அடியில் கனமான இரும்புச் சட்டம் கிடையாது. அலுமினிய உடம்பே எலும்புக்கூடு. முன்னால் எஞ்சினைத் தாங்க ஒரு சிறு சட்டம், பின்னால் சக்கரங்களுக்கு ஒன்று, அவ்வளவுதான்.

இப்படிச் செய்ததில் ஒரு வேடிக்கை நேர்ந்தது. ஆல்டனம் என்ற இடத்தில் பிரம்மாண்டமான பணிமனை ஒன்று இருந்தது, 1986-ல் மூடிவிட்டார்கள். சில வருஷங்களுக்கு ஒரு முறை ஒவ்வொரு பஸ்ஸும் அங்கே போய்ப் பிரிக்கப்படும். உடம்பைக் கிரேனில் தூக்கி ஒரு பக்கம், சட்டங்கள் ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கம். எல்லாம் செப்பனிட்டு முடியும் வரை காத்திருப்பானேன் என்று, தயாராக இருக்கும் வேறொரு உடம்பை எடுத்து, உள்ளே வந்த வண்டியின் நம்பரை மாட்டி வெளியே அனுப்பி விடுவார்கள்.

கல்யாண வீட்டுக்கு இரவல் கொடுத்த அடுக்குகள் மாறிப் போகாமலிருக்க நாம் பெயர் வெட்டி வைக்கிறோம் அல்லவா? ஆல்டனத்தில் தலைகீழ். பெயர் அப்படியே திரும்பி வரும், பாத்திரம் மாறிவிடும்!

ஆகவே, “இது 1962-ம் வருஷத்துப் பஸ்” என்று கொட்டகையில் என்னிடம் பெருமையாகச் சொன்னபோது, எது 1962 என்று கேட்டேன். அங்கிருந்த பெரியவர் சிரித்து விட்டார். அவர் பதினாறு வயதில் ஆல்டனத்தில் வேலை கற்கச் சேர்ந்தவர். “நம்பர் 1962. உடம்பு எத்தனை நம்பர்களைச் சுமந்ததோ, அதற்கே ஞாபகம் இராது” என்றார்.

அப்படியானால் எந்தப் பஸ்ஸைக் காப்பாற்றுகிறார்கள்? இதில்தான் சண்டையே. 1962-ல் இருந்தபடி பக்கவாட்டில் பொன்னிற எழுத்துடன் விட வேண்டும் என்பது ஒரு கட்சி. கடைசி நாளில் ஓடியபடியே இருக்கட்டும் என்பது இன்னொரு கட்சி. எஞ்சின் விஷயத்திலும் இதே கதைதான். 1990-களில் பல வண்டிகளின் பழைய ஏ.இ.ஸி. எஞ்சினைக் கழற்றிவிட்டுப் புது எஞ்சின் வைத்தார்கள். இந்த வண்டியும் அதற்குத் தப்பவில்லை. புது எஞ்சின் நன்றாகவே ஓடியதாம். இருந்தாலும் அதை இறக்கிவிட்டு, எங்கோ துருப்பிடித்துக் கிடந்த பழைய எஞ்சினைத் தேடிப் பிடித்து, இரண்டு வருஷம் உயிர் கொடுத்திருக்கிறார்கள். “அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அது ரூட்மாஸ்டரா?” என்கிறார்கள். சத்தத்துக்காக இவ்வளவா என்று நமக்குத் தோன்றும். தம்பூரா வைத்திருக்கிற வீட்டார் அப்படிக் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பஸ்ஸின் முதல் விரோதி தண்ணீர். அலுமினியம் துருப் பிடிக்காது என்று நாம் நம்பியிருக்கிறோம். அது தனியாக இருக்கும் வரை வாஸ்தவம். இரும்போடு ஒட்டி உட்கார்ந்து, நடுவில் ஈரமும் புகுந்துவிட்டால், அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பிக்கிறது. இரண்டு உலோகங்களுக்கும் நடுவே ஈரம் புகாதபடி தடுப்பு வைத்துப் பூட்ட வேண்டும். பின்பக்கத் திறந்த படி, கேட்கவே வேண்டாம். அரை நூற்றாண்டு மழையும் செருப்புச் சேறும் அதன் வழியாகத்தான் ஏறின. பெரியவர் அங்கே ஒரு தகட்டைப் பெயர்த்துக் காட்டினார். மேலே பளபளவென்று பெயிண்ட். கீழே விரலால் அழுத்தினால் அப்பளம்.

இரண்டாவது விரோதி ஓய்வு. ஓட்டினால் தேய்கிறது, ஓட்டாவிட்டால் கெடுகிறது. தையல் மெஷினை ஆறு மாதம் மூடி வைத்துவிட்டுப் பிறகு மிதித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பஸ்ஸில் பிரேக்குக்கு எண்ணெய் போகும் இடங்களில் ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. சும்மா நின்றால் அவை காய்ந்து கசிகின்றன. பாட்டரி இறங்குகிறது. நின்ற இடத்திலேயே டயர் அமுங்குகிறது. அதனால் மாதம் ஒரு முறையாவது எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை ரோட்டில் ஓட்டி வருகிறார்கள். கண்ணாடி அறையில் பூட்டி வைத்தால் நீண்ட நாள் இருக்குமே என்பார் உண்டு. எனக்கென்னவோ ஓடுகிற கட்சிதான் சரி என்று படுகிறது.

மாடியில் ஓர் அம்மாள் ஆசனத்துக்குத் துணி தைத்துக் கொண்டிருந்தார். கெட்டியான கம்பளித் துணி, கட்டம் போட்டது. ஓரத்தில் ஒரு கட்டம் விலகினாலும் வரிசை முழுவதும் கோணலாகத் தெரியும் என்று பிரித்துப் பிரித்துத் தைத்தார். சுற்றிலும் பர்கண்டி நிறம், ஜன்னல் ஓரம் பச்சை, கூரை மஞ்சள். பெயிண்டைச் சுரண்டிச் சுரண்டி அடியில் இருந்த நிறத்தைக் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

மாடிப் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் ஓர் இடம் மட்டும் குழிந்து வழவழப்பாக இருந்தது. திருப்பத்தில் எல்லாரும் பிடிக்கும் இடம். அதை மாற்றிவிடலாம் என்று ஓர் இளைஞர் சொன்னாராம். “இந்தப் பஸ்ஸில் ஜனங்கள் செய்த பாகம் அது ஒன்றுதான், அதைத் தொட்டால் நான் ஊசியைக் கீழே வைத்து விடுவேன்” என்று அம்மாள் சொல்ல, கம்பி பிழைத்தது.

பெரியவருக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. ஆல்டனத்தில் கை பழகியவர்கள் இனிப் புதிதாக வரப் போவதில்லை. கோஷ்டியில் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். என்னை அழைத்துக்கொண்டு புறப்பட்ட அன்றைய ஓட்டத்தில், பெரியவர் ஸ்டியரிங்கை அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்து, டிரைவருக்குப் பின்னால் இருந்த ஆசனத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். மேடு ஏறும்போது கண்ணைத் திறக்காமலே, “முன் சக்கரம், இடது பக்கம், ஏதோ முணுமுணுக்கிறது. உங்களுக்குக் கேட்கிறதா?” என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வண்டி ஓரமாக நின்றது. அந்தப் பெண் இறங்கி, இடது பக்கமாக நடந்து, முன் சக்கரத்தின் அருகே குனிந்தாள்.