ஃப்ரீசருக்குத் தப்பிய தாத்தா

எங்க தூத்துக்குடி உப்புக் காற்று சைக்கிள் செயினையே தின்றுவிடும். போட்டோவை விட்டுவைக்குமா?

இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அப்போது வள்ளத்தில் நின்றபடி தாத்தா எடுத்துக்கொண்ட போட்டோதான் அவருக்கு இருக்கிற ஒரே படம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் (பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை!) ஆல்பத்தோடு அவரும் மறுபடி குளித்தார்.

சித்தப்பா படங்களைப் பிரிக்கப் போனார். "இழுக்காதீங்க சித்தப்பா, மூஞ்சி உரிஞ்சிரும்!" என்று கத்தினேன். போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின். நனைந்தால் ஊறி, பக்கத்துப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். சுத்தமான பச்சைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, தானாக விலகியதும் முகம் மேலே பார்க்க நிழலில் உலர்த்தினோம். உடனே உலர்த்த முடியாவிட்டால் ஃப்ரீசரில் வைக்கலாம். கரண்ட் இருந்தால்தானே! தாத்தா பிழைத்தார். இடது கால் மட்டும் போச்சு.

பசை தடவிய பக்கங்கள் உள்ள கல்யாண ஆல்பமும் பி.வி.சி. உறையும் வெள்ளம் வராமலே படத்தைக் கெடுக்கும். அதனால் இப்போது அவருக்கு அமிலமில்லாத காகிதம், பாலியெஸ்டர் உறை, பீரோ மேல்தட்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பழைய தமிழ் ஸ்டூடியோ படங்களைத் தேடித்தேடி ஸ்கேன் செய்திருக்கிறது. நானும் ஸ்கேன் செய்து, நகலைச் சுவரில் மாட்டினேன்.

ஆச்சி அதற்குப் பூ வைக்க மறுத்துவிட்டாள். "இது ஜெராக்ஸுலா! ஒரிஜினல் மனுசன எடுல."

பீரோ சாவி இப்போது அவள் இடுப்பில்.