அந்தப் பையன் சரியாகத்தான் இறுக்கினான்

கோவையில் பம்ப் ஷாஃப்ட், புஷ், கப்ளிங் என்று ஜாப் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறையில் நான் மேஸ்திரியாக இருந்தபோது, வேலை பழக வந்த ஒரு பையனின் கை என்னால் முறிந்தது. பழியை அவன்மேல் போட்டேன். அந்தப் பட்டறையில் எல்லோரும் நம்பியது நான் சொன்ன பொய். நடந்தது இதுதான்.

50 மி.மீ. விட்டமும் 250 மி.மீ. நீளமும் உள்ள இரும்பு ராடு. எடை கிட்டத்தட்ட நாலு கிலோ. அதை முதலில் மூன்று ஜா சக்கில் ஆழமாகப் பிடித்து, ஃபேசிங் செய்து, சென்டர் டிரில் போட வேண்டும். பிறகு வெளியே இழுத்து, டெயில் ஸ்டாக்கில் ரிவால்விங் சென்டர் கொடுத்துத்தான் டர்னிங் ஓட்ட வேண்டும். தாங்கல் இல்லாமல் வெளியே நிற்கும் நீளம் விட்டத்தைப்போல் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது என்பது டர்னருக்குப் பாலபாடம். அன்று சாயங்காலத்துக்குள் சரக்கு போயாக வேண்டும். 12 மி.மீ. மட்டும் ஜாவில் கடிக்கவிட்டு, மீதி 238 மி.மீ.யையும் வெளியே விட்டு, ஒரே பிடியில் ஓட்டச் சொன்னேன்.

“அண்ணா, பிடி பத்துங்களா? சென்டர் குடுத்துக்கலாங்களா?” என்று பையன் கேட்டான்.

“நான் சொல்றேனல்ல, நீ ஓட்டு” என்றேன்.

கணக்கு எளிது. ராடின் நுனியில் டூல் தள்ளும் விசை, ஜாவின் விளிம்பைச் சுற்றி நெம்புகோலாக வேலை செய்கிறது. வெளியே 238, உள்ளே 12. நுனியில் 50 கிலோ விசை விழுந்தால், அதை அடக்க அந்தச் சின்னப் பிடிக்குள் அதைப்போல் ஏறக்குறைய இருபது மடங்கு, ஆயிரம் கிலோ வேண்டும். அதே ராடை 60 மி.மீ. உள்ளே விட்டிருந்தால் மூன்று மடங்கோடு முடிந்திருக்கும். சக் சாவியை எவ்வளவு பலமாகத் திருப்பினாலும் இந்த வித்தியாசத்தை ஈடுகட்ட முடியாது.

கட்டிங் தொடங்கியதுமே ராடு அதிர்ந்தது. டூல் கொத்தியது. ராடு சக்கைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்து அவன் இடது முன்கையில் அடித்தது. எலும்பு இரண்டாக முறிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய முதலாளி என்னைத்தான் கேட்டார். “பையன் சக்கைச் சரியா டைட் பண்ணலைங்க” என்றேன். கேட்டவர் நம்பினார். மேஸ்திரி சொல்லை யார் சந்தேகிப்பார்கள்?

இதைவிடக் கேவலமான ஒன்றையும் செய்தேன். ராடின் முனையில் மூன்று ஜாக்களின் தடங்களும் ஆழமாகப் பதிந்திருந்தன. தளர்வாகப் பிடித்திருந்தால் அப்படிப் பதியாது. அவன் முழு பலத்தோடு இறுக்கியதற்கும், நான் எவ்வளவு குறைவாகப் பிடிக்கச் சொன்னேன் என்பதற்கும் அந்தத் தடம் ஒன்றே சாட்சி. அந்த முனையை வெட்டி ஸ்கிராப்பில் போட்டேன். கை கூடியதும் அவன் வேலைக்குத் திரும்பவில்லை. கவனமில்லாத பையன் என்ற பெயரோடு போனான்.

பயம்தான் காரணம். மேஸ்திரி என்ற பெயர் போய்விடும் என்ற பயம். அதற்காகத் தொழிலில் காலெடுத்து வைத்த ஒருவனின் பெயரைக் கெடுத்தேன். விபத்துக்கு அவசரம் காரணமாக இருக்கலாம். பொய்யை நிதானமாகத்தான் சொன்னேன்.

பிறகு முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்தப் பையனைத் தேடிப் போய், அவன் அப்பா அம்மா முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மன்னிக்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை.

இப்போது என்னிடம் வேலை பழகுகிறவர்களுக்குப் பிடிமான நீளம், சென்டர், சக்கின் உச்ச வேகம் எல்லாம் சொல்லித் தருகிறேன். அவற்றுக்கு முன்னால் ஒன்று சொல்கிறேன்: பிடி பத்தாது என்று உனக்குத் தோன்றினால் மெஷினை ஓட்டாதே, சொல்வது நானாக இருந்தாலும்.