ஆயிரம் படங்களும் ஒரு வேலைக்காரியும்

திரையுலகில் ‘துணை நடிகை’ என்றொரு சொல் வழங்கி வருகிறது. யாருக்குத் துணை? கதாநாயகனுக்கும் கதாநாயகிக்கும் என்று விடை கூறிவிடலாம். ஆனால், கதையில் அடுப்பை மூட்டுபவளும் காய்கறி விற்பவளும் ஏச்சு வாங்குபவளும் அவளேயல்லவா? சமுதாயம் உழைக்கும் பெண்ணுக்கு ஒதுக்கிய மூலையையே திரைப்படமும் அவளுக்கு ஒதுக்கியது. மனோரமாவின் வாழ்க்கையை எண்ணும்போதெல்லாம் இந்த உண்மையே என் முன் நிற்கிறது.

1937இல் மன்னார்குடியில் பிறந்த அவரது இயற்பெயர் கோபிசாந்தா. கணவனால் கைவிடப்பட்ட தாய், குழந்தையோடு செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வீட்டுவேலை செய்து பிழைத்தார். வறுமை சிறுமியின் படிப்பைப் பறித்தது. நாடக மேடை அவருக்குச் சோறு போட்டது. வைரம் நாடக சபாவிலும் பின்னர் எஸ். எஸ். ராஜேந்திரனின் நாடகக் குழுவிலும் நடித்தவரை, 1958இல் ‘மாலையிட்ட மங்கை’யில் நகைச்சுவைப் பாத்திரத்துக்கு அழைத்தவர் கவிஞர் கண்ணதாசன். 1963இல் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியானார். ஆனால் திரையுலகம் அவரை மீண்டும் துணைப் பாத்திரங்களுக்கே அனுப்பி வைத்தது.

அந்த மூலையிலிருந்தே அவர் ஓர் உலகத்தைப் படைத்தார். 1968இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் ஜில் ஜில் ரமாமணி ஒரு நாடகக்காரி. இரவு கைதட்டிய ஊர், பகலில் அவளை மதிப்பதில்லை. அந்த அவமதிப்பின் கசப்பை மேடையிலேயே வளர்ந்த மனோரமாவுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அதே ஆண்டில் ‘பொம்மலாட்டம்’ படத்தில் சென்னைச் சேரி மக்களின் பேச்சையே பாட்டாகப் பாடினார். 1986இல் ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில் வேலைக்காரி கண்ணம்மாவாக வந்தார். வீட்டுவேலை செய்து தன்னை வளர்த்த தாயின் தொழிலையே மகள் திரையில் ஏற்றார்; அந்த வேலைக்காரியின் அறிவும் நாவன்மையும் எசமான் வீட்டாருக்குச் சற்றும் குறைந்தவையல்ல என்று நிறுவினார்.

எங்கள் மண்கும்பானில் திரையரங்கு இருந்ததில்லை. பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாண நகருக்குப் போனால்தான் படம். எண்பதுகளில் வாடகை டெக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் வந்தபின், முற்றத்து மணலில் பாய் விரித்து விடியும்வரை பார்த்தோம். நாளெல்லாம் கடகம் இழைத்த பெண்களும் புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் இறைத்த பெண்களும் வந்தமர்வார்கள். கதாநாயகியின் பட்டுச் சேலை அவர்களைப் பெருமூச்செறியச் செய்யும். மனோரமா தோன்றியதும், “எங்கட ஆச்சி வந்திட்டா!” என்று நிமிர்ந்து உட்காருவார்கள். செட்டிநாட்டில் ‘ஆச்சி’ என்பது மரியாதைக்குரிய பெண்ணை அழைக்கும் பெயர்; எங்களுக்கோ அது பாட்டியைக் குறிக்கும் உறவு. கடல் கடந்து வந்த பட்டப்பெயரைத் தீவுப் பெண்கள் உறவாகவே மாற்றிக்கொண்டார்கள்.

ஆனால் அந்தச் சிரிப்புக்கு மறுபக்கமும் உண்டு. ஏழைப் பெண்ணின் பேச்சு, உடல், முதுமை ஆகியவற்றைக் கேலிப் பொருளாக்கிய வசனங்களையும் அவர் பேச நேர்ந்தது. கூலிக்கு உழைக்கும் கலைஞருக்கு வசனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏது? 1985இல் ஆயிரம் படங்களுக்குமேல் நடித்தவர் என்று கின்னஸ் நூல் அவர் பெயரைப் பதிந்தது. சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதோ 1989ஆம் ஆண்டின் ‘புதிய பாதை’ படத்துக்கே, திரைக்கு வந்து முப்பத்தொரு ஆண்டுகள் கழித்தே, கிடைத்தது. பத்மஸ்ரீ 2002இல் வந்தது. 2015இல் அவர் மறைந்தார். உழைப்பை எண்ணுவதில் காட்டிய சுறுசுறுப்பை அதன் பெறுமதியை அறிவதில் நாம் காட்டவில்லை.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய குறையன்று. எங்கள் நாட்டுக்கூத்தில் நீண்டகாலம் பெண் வேடத்தையும் ஆணே கட்டினான். மேடையேறும் பெண்ணுக்கு நற்பெயர் இல்லையென்று சமுதாயம் விதித்திருந்தது. மனோரமாவுக்கு நிகரான நாவும் நகைச்சுவையும் கொண்ட எத்தனை பெண்கள் கிணற்றடியோடும் பனையோலையோடும் மறைந்து போயிருப்பார்கள்! அவர்களுக்குத் துணைப் பாத்திரம்கூடக் கிட்டவில்லை. கலை வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களும் கற்கும் மாணவர்களும் நாயகர்களின் பட்டியலை மனனம் செய்வதோடு நின்றுவிடலாகாது. அடுப்படியில் நின்றவள் என்ன பேசினாள், யார் அவளைப் பேசவிடாமல் தடுத்தார்கள் என்று கேட்கத் தொடங்கும் நாளிலேதான் அந்த வரலாறு மக்களுடையதாகும்.