நிறுத்தாமல் ஓடுகிறவை

அப்பாவுக்காக வாடகைக்கு எடுத்த ஆக்ஸிஜன் மெஷின் பதினோரு மாதங்களாக இரவுபகல் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் இரவு இரண்டரை மணிக்கு அதன் அலறல் என்னை எழுப்பிற்று. கைவசம் சிலிண்டர் இருந்ததால் தப்பித்தோம். காலையில் வந்த மெக்கானிக் உள்ளிருந்த போர்டைக் கழற்றி, தலை உப்பிய சிறு குப்பி ஒன்றைக் காட்டினார். கண்டென்ஸர்.

"ஓடினதால போகல ஸார், சூட்டால போச்சு. செவுத்தோட ஒட்டி வச்சிருக்கீங்களே."

ஒட்டி வைத்தவன் நான்தான். இரவில் எழுத உட்காரும்போது சப்தம் இடைஞ்சலாக இருக்கிறதென்று மேலே ஒரு போர்வையும் போட்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

அந்தக் குப்பிக்குள் ஒரு திரவம் இருக்கிறது. சூட்டில் அது ரப்பர் அடைப்பின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியேறிவிடுகிறது. சாதாரண ரகத்துக்கு 105 டிகிரியில் 2,000 மணி நேரம் கெடு. வெறும் 83 நாள். ஆனால் ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கிறது. 65 டிகிரியில் 32,000 மணி, மூன்றரை வருஷத்துக்கும் மேல். பாங்க்கில் வட்டி போட்டுப் பழகிய எனக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்தது. எவ்வளவு நேரம் ஓடலாம் என்று கேட்பதில் அர்த்தமில்லை. எந்தச் சூட்டில் என்று கேட்க வேண்டும். ஓய்வும் சர்வரோக நிவாரணியல்ல. அடிக்கடி அணைத்துப் போட்டால் சாலிடர் பற்றுகள் விரிந்து சுருங்கி விரிசல் காண்கின்றன.

1977இல் ஏவப்பட்ட இரண்டு வாயேஜர் கலங்களை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அவற்றின் மின்சாரம் வருஷத்துக்குச் சுமார் 4 வாட் குறைந்துவருகிறது. அதற்கேற்பக் கருவிகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார்கள். 2023 நவம்பரில் வாயேஜர் 1 அர்த்தமற்றதை அனுப்பத் தொடங்கிற்று. ஒரு சில்லு செத்திருந்தது. அதிலிருந்த நிரலைப் பிரித்து வேறு இடங்களில் வைத்து, 2024 ஏப்ரலில் மீண்டும் பேச வைத்தார்கள். அப்போது அது 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.

அப்பா முதலில் கடைத்தெருவை விட்டார். பிறகு திண்ணையை, பேப்பரை. இப்போது நீண்ட வாக்கியங்களையும் விட்டுவிட்டார். நான் இதையெல்லாம் தளர்ச்சி என்றே எண்ணியிருந்தேன். மூச்சுக்காக அவரே ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது.

மெஷின் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி நிற்கிறது. போர்வை இல்லை. இதை அந்தச் சப்தத்தில்தான் எழுதுகிறேன்.