லொறியேறிக் கண்ட தரிசனம்

“சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி” என்பது பழமொழி. மாசி மாதத்தில் ஒருநாள், வீட்டிற் சும்மா கிடந்த எம்மை அவ்வாறு ஊதிவிட்டவர் எம் கல்லூரியிற் பௌதிகம் கற்பிக்கும் நண்பர். சூரியன் உதிக்கும் வேளையிற் சிவனொளிபாதமலையின் நிழல் முக்கோண வடிவாக விழும். அதனைக் கண்ணாரக் காணவேண்டும் என்றார். நிழலைக் காண அவரும், பாதத்தைக் காண நாமுமாக யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டோம்.

எமக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. 2243 மீற்றர் உயரமான அம்மலையின் உச்சியிலுள்ள பாதச்சுவடு சிவபிரானுடையது என்கிறோம், சைவர்களாகிய நாம். புத்தபெருமானுடையது என்பர் பௌத்தர்; ஆதிபிதா ஆதமுடையது என்பர் இஸ்லாமியர்; புனித தோமையாருடையது என்பாரும் உளர். மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா 1344இல் அம்மலைக்கு வந்து சென்றார். அவருக்குப் பின் அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் தீராத வழக்கை ஓரிரவிலே தீர்த்துவிடலாம் என எண்ணிய எம் பேதைமையை என்னென்பது!

ஹட்டன் வரை புகையிரதம் எம்மைக் குறையின்றிக் கொண்டுசேர்த்தது. அங்கிருந்து நல்லதண்ணிக்குப் புறப்பட்ட பஸ்வண்டியோ, மஸ்கெலியாவைத் தாண்டியதும் இருமுறை இருமிவிட்டு மௌனவிரதம் பூண்டது. அருகே மவுசாக்கலை நீர்த்தேக்கம். பழைய மஸ்கெலியாப் பட்டினம் அந்நீரின் அடியிலேதான் கிடக்கிறது. நீர் வற்றும் காலங்களில் அதன் வழிபாட்டிடங்கள் வெளித்தெரிவதுண்டு. அன்றிரவு எமக்குத் தெரிந்தவை இருளும் பனியும் மட்டுமே. நண்பரின் கோப்பி தீர்ந்தது. எம் நாலுமுழ வேட்டியைக் குளிர் சிறிதும் மதிக்கவில்லை.

வீதியில் வாகனங்களை மறித்து ஏறும் மாணவரைக் கண்டால் நின்று அறிவுரை கூறுவது எம் வழக்கம். அன்று நாமே கையை நீட்டியபடி நின்றோம். மூன்று வாகனங்கள் எம்மைப் பொருட்படுத்தாது சென்றன. நான்காவதாக வந்த லொறி நின்றது. உள்ளே வெள்ளுடை தரித்த சிங்கள யாத்திரிகர் இருபது பேர் வரையிற் பக்திப் பாட்டுப் பாடியவண்ணம் இருந்தனர். நாம் ஏறி அமர்ந்த பின்னரே, “எந்த ஊர்?” என்று ஒரு மூதாட்டி வினவினார்.

“யாழ்ப்பாணம்” என்றோம்.

பாட்டு நின்றது. ஒரு கணம் லொறியின் இரைச்சல் மட்டுமே கேட்டது. கடந்துபோன காலத்தை எண்ணி எம் நெஞ்சும் துணுக்குற்றது.

மூதாட்டி தம் பொட்டலத்தை மெல்ல அவிழ்த்தார். நயினாதீவு நாகவிகாரைக்கு வந்த சமயம், குறிகட்டுவானிற் படகைத் தவறவிட்டுத் தாம் வெயிலில் நின்றதையும், ஒரு வீட்டார் அழைத்துத் தேநீரும் பனங்கட்டியும் தந்ததையும், தாம் அறிந்த தமிழோடு எமக்குத் தெரிந்த சிங்களத்தையும் கலந்து எடுத்துரைத்தார். பின்பு கித்துள் கருப்பட்டித் துண்டொன்றை எம் கையில் வைத்தார். எவரோ கொடுத்த கடனை நாம் வாங்கிக்கொண்டோம். பாட்டு மீண்டும் தொடங்கியது.

அந்தத் துணிவில் எம் ஐயத்தை அவரிடமே வைத்தோம். “ஆச்சி, அது யாருடைய பாதம்?” நல்லவேளையாக, ஆச்சி என்ற சொல் இரு மொழிக்கும் பொது.

அவர் சிரித்தார். “பெரிய பாதம், மாத்தயா. எல்லோருக்கும் காணும்.”

விடியுமுன் உச்சியை அடைந்தோம். பாதத்தின்மேல் துணி போர்த்தியிருந்தது. எம் வழக்குத் தீரவில்லை. கீழ்வானை முகில் மூடிக்கொண்டது. நண்பரின் முக்கோணமும் விழவில்லை. மலையேறிய தடவைக்கு ஒன்றாக மணியடிப்பது அங்குள்ள மரபு. நாம் ஒருமுறை அடித்துவிட்டு மூச்சு வாங்கி நின்றோம். எமக்குப் பின்னால் வந்த ஆச்சி பதினொரு முறை அடித்தார்.

நிழலையும் காணாது, பாதத்தையும் காணாது படியிறங்கினோம். ஆயினும் வெறுங்கையுடன் திரும்பினோம் என்று சொல்லமாட்டோம். வேட்டி மடியிற் பாதிக் கருப்பட்டி மிச்சமிருந்தது.