மதில் மேல் இரண்டு பச்சை

ஐப்பசி மழை விட்டு வெயில் ஏறுகிறது. கும்பகோணத்தில் ஒரு குளத்து மதில். விரிசலில் முழ உயரம்கூட இல்லாத அரசங்கன்று. அதன் கீழே, காரை பெயர்ந்த செங்கல் முழுக்கப் பாசி. நம் ஈரச் சுவர்களில் சகஜமான ஹயோஃபிலா இன்வால்யூட்டா.

மைனாவோ காகமோ எச்சமிட்டுப் போன விதைதான் கன்று. அதன் வேர் செங்கல் இடுக்கில் இறங்கியிருக்கிறது. தடிக்கத் தடிக்க மதில் பிளக்கும். பாசிக்கு வேரே கிடையாது. பற்றிழைகள் உண்டு, அவை பிடித்துக்கொள்ளத்தான். நீரை உடம்பு முழுவதாலும் குடிக்கிறது. நடுநரம்பை விட்டால் இலையின் தடிமன் ஒரே ஒரு செல்.

வெயில் உறைக்கிறது. அரச இலை மெழுகுப் பூச்சில் மின்னுகிறது. காற்று இருப்பதே தெரியவில்லை, இலையின் வால் நுனி மட்டும் ஆடுகிறது. பாசியோ ஓரங்களை உள்ளே சுருட்டிக்கொண்டு, காப்பித்தூள் சிந்தினாற்போல் கறுத்துவிட்டது. சாகவில்லை, பிழைப்பை நிறுத்தி வைத்திருக்கிறது. படியேறும் அம்மாளின் குடம் தளும்பி மதிலில் தெறிக்கிறது. அவர் தெருமுனை திரும்புவதற்குள் நனைந்த இடம் விரிந்து பச்சையாகிவிட்டது.

கன்றுக்கு இந்த வித்தை வராது; ஒரு தடவை முழுதாகக் காய்ந்தால் தீர்ந்தது. பாசியாலும் எழுந்து நிற்க முடியாது. தண்டை விறைப்பாக்கும் லிக்னின் இல்லை, நீரை மேலேற்றும் மரக்குழாய்களும் இல்லை. அரசு நூறடி போகும். அதன் பூவுக்குத் தனிக் குளவி வந்தாக வேண்டும். பாசியின் ஆணணு நீந்திப் போக மழைநீர்ப் படலம் போதும். அனுராதபுரத்து அரசமரம் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் நட்டது என்கிறது மகாவம்சம். பாசிக் குலத்துக்கோ 30 கோடி ஆண்டுக்கு முந்தைய புதைபடிவங்களே உண்டு. பழம்பெருமை பேசுவதென்றால் நான் பாசிக் கட்சி.

கொத்தனார் வருகிறார், பின்னால் கம்பி பிரஷ்ஷோடு சித்தாள். அரிவாள் கன்றின் அடிவரை போய் நிற்கிறது.

"அரசாச்சே... அதுவும் வெள்ளிக்கிழமை. கோயில்ல ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

"அப்ப இந்தப் பாசிண்ணே?"

"அதுக்கு யாரைக் கேக்கணும்? நல்லா தேய்ம்மா."