கேஷுக்கு எந்த எஸ்எஸ்டி?

வீட்டு சர்வருக்குக் கேஷ் டிரைவ் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை மட்டும் நம்பக் கூடாது. 1 டிபி சாம்சங் 870 கியூவிஓ முதல் 42 ஜிபியை மட்டும்தான் வேகமாக எழுதும். பிறகு விநாடிக்கு 80 எம்பிக்கு இறங்கிவிடும். சாதாரண கிகாபிட் லேனிலேயே 110 எம்பி வரும். கல்யாண வீடியோவை மொத்தமாக ஏற்றினால் கேஷே முட்டுக்கட்டை. 1 டிபி 870 ஈவிஓவில் இந்தச் சரிவு இல்லை. உத்தரவாதம் தரும் எழுத்து அளவும் கியூவிஓவைப் போல 360 அல்ல, 600 டிபி.

"வீட்டில் அவ்வளவு எழுதுவோமா?" என்பார்கள். வருவதெல்லாம் முதலில் கேஷில்தானே விழுகிறது! அதிலும் மட்டாஞ்சேரி மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஹார்டு டிஸ்குக்கு இன்னும் நகராத கோப்பு ஒற்றை டிரைவில் இருந்து, அது கெட்டுப்போனால் கோப்பும் போச்சு. பெரிதாக ஒன்றைவிட மிரர் செய்த சிறிய இரண்டும் ஒரு யுபிஎஸ்ஸும் மேல். படிக்க மட்டும் கேஷ் என்றால் ஒன்றே போதும். அசல் டிஸ்கிலேயே இருக்கும்.